சாவுக்கு வராதவர் வீட்டுக் கல்யாணச் சாப்பாடு

நான்கு வருடங்களுக்கு முன், கோலாலம்பூரில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்கள் வீடு வடக்கே கெடா மாநிலத்தில், பீடோங்கிலிருந்து உள்ளே போகும், பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். எனக்குப் பதினைந்து வயதில், மூன்றாம் படிவம் படிக்கும்போது இறந்துவிட்டார். அம்மா பக்கத்து ஊரான குருணில் ஒரு ஃபேக்டரிக்கு வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார்.

கல்விக் கடனில் பெரும்பகுதி கல்லூரிக் கட்டணத்துக்கும் அறை வாடகைக்குமே போய்விடும். நான்கு பேர் படுக்கும் ஓர் அறையில் எனக்கொரு மூலை, அவ்வளவுதான். மிச்சத்தில் மாதத்தின் முதல் இரண்டு வாரம் ஓடும். அப்புறம் பாக்கெட் மீ நூடுல்ஸ், அதையும் பாதி பாதியாக. ஊரைவிட்டுப் புறப்படும்போதே அம்மா, கட்டுப்படியாகவில்லை என்றால் வந்துவிடு, என்னோடு ஃபேக்டரிக்கு வரலாம் என்று சொல்லியிருந்தார். அக்கறையாகத்தான் சொன்னார். எனக்கு அது மிரட்டலாகக் கேட்டது. படிப்பை விட மனமில்லை. அதனால் போன் வரும்போதெல்லாம், பசியாறிவிட்டேன், இங்கே சாப்பாடு மலிவு என்று கூசாமல் சொல்வேன்.

என் அறைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கோயில் மண்டபம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அநேகமாகக் கல்யாணம்தான். அழைக்காத கல்யாணத்தில் சாப்பிடுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. பெண் வீட்டார் நம்மை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். என்னிடமிருந்த ஒரே நல்ல பஞ்சாபி சூட்டைப் போட்டுக்கொண்டு போவேன். அட்சதை போடாமல் பந்தியில் உட்காருவதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். திருட்டிலும் ஒரு நேர்மை வேண்டுமே. இப்படி ஐந்து கல்யாணம் ஆயிற்று.

ஆறாவதில் மாட்டினேன். இலையில் சாதம் விழுந்து, சாம்பார் ஊற்றி, இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். பெண்ணின் அப்பா வரிசை வரிசையாக வந்து, நல்லா சாப்பிடுங்க என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். அவரை எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் அப்பாவின் நெருங்கிய கூட்டாளி. கோயில் கமிட்டிச் சண்டையில் பிரிந்து, எங்கள் தோட்டத்துக்குக் கொஞ்ச தூரத்திலிருக்கும் சுங்கை லாலாங் பக்கம் குடிபோனவர். அப்பா சாவுக்கு வராதவர்.

கல்யாணத்துக்குக் கூப்பிட்டால்தான் போகவேண்டும், சாவுக்குக் கூப்பிடாமலே போகவேண்டும் என்பார்கள். கூப்பிடாமலே வரவேண்டியதற்கு அவர் வரவில்லை. அன்றிலிருந்து ஆறு வருடமாக அவர் பெயரை அம்மா வாயால் சொன்னதில்லை. சந்தையில் எதிரே வந்தாலும் திரும்பிக்கொள்வார். நானோ அழைப்பே இல்லாமல் அவர் வீட்டுக் கல்யாணத்தில், கையில் சோற்றோடு உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் பெண்ணின் படம் பெரிதாக இருந்தது. அத்தனை ஒப்பனையில் அடையாளம் தெரியவில்லை. பேரைப் படித்திருக்கலாம். பசிக்கும்போது யார் பேரைப் படிக்கிறார்கள்?

"நீ லோரிக்காரர் மவதானமா?" என்றார். தலையாட்டினேன்.

"அம்மா அனுப்புனாங்களா?"

அதற்கும் தலையாட்டிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாயசம் பரிமாறுகிறவரை நிறுத்தி, கரண்டியை வாங்கித் தானே எனக்கு ஊற்றினார். பிறகு, நான் பயந்தபடியே, போனை எடுத்தார். யாரிடமோ நம்பர் கேட்டு, என் எதிரிலேயே அம்மாவைக் கூப்பிட்டார். மண்டபச் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டார். பொண்ண அனுப்பி வச்சிருக்கீங்க, ஒங்க முன்னால நிக்க எனக்குத்தான் மூஞ்சி இல்ல என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது.

இதோடு என் படிப்பு முடிந்தது என்று இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அம்மா சொன்னார்: "ஆமாண்ணே. நாந்தான் போவச் சொன்னேன்."

சாயங்காலம் அம்மா எனக்குப் போன் செய்தார். ஏன் போனாய் என்று கேட்கவில்லை. "எத்தன நாளா சரியா சாப்புடல?" என்று மட்டும் கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். திரும்பி வா என்று சொல்வார் எனக் காத்திருந்தேன். "சரி, படி" என்று வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் புதிய நம்பரிலிருந்து ஓர் அழைப்பு. அந்தக் கல்யாணப் பெண். மாப்பிள்ளை கோலாலம்பூர்க்காரர், அதனால்தான் கல்யாணம் இங்கே நடந்திருக்கிறது; அவர் வீடு என் கல்லூரியிலிருந்து ஒரே பஸ் தூரம். இனிமேல் சனி, ஞாயிறு இங்கே வந்துவிடு, வாரத்துக்கும் சாப்பாடு கட்டித் தருகிறேன் என்றார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. நான் சரியாகச் சாப்பிடாதது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஒங்கம்மா ஊர்ல எங்கப்பா வீட்டுக்கு வந்தாங்களாம். மோட்டர் சைக்கிள்ல, மழையில. அப்பாகிட்ட அவங்களேதான் சொன்னாங்க, நான் அனுப்பல, பிள்ள பசிக்குத்தான் வந்துச்சுன்னு."

அப்பா போனபிறகு யாரிடமும் போய் நிற்காதவர் அம்மா. தோட்டத்தில் வீடு வீடாக உதவி திரட்டித் தருகிறோம் என்றபோதுகூட வேண்டாம் என்றவர். சொல்லாமலே விட்டிருந்தால் ஊரில் எங்கள் வீட்டுக்குப் பெரிய மனசு என்ற பெயர் நின்றிருக்கும். அந்தப் பெயரையும் அந்த வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

அவர்கள் வீட்டில் சாப்பிட்டுத்தான் படித்து முடித்தேன். இப்போது இதே நகரத்தில் வேலையும் பார்க்கிறேன். அன்று அங்கே என்ன பேசினீர்கள் என்று அம்மாவிடம் நான் இதுவரை கேட்டதில்லை. எனக்காக அம்மா போனில் சொன்ன பொய் பெரிது என்றுதான் அப்போது நினைத்தேன். எனக்காக மழையில் போய்ச் சொன்ன உண்மையை நினைத்தால், இன்றைக்கும் சோற்றில் வைத்த கை ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது.