நாய்க்கு வைத்த பேனர்

என் நாய்க்குப் பேர் கிடையாது. "ஏய்" என்றால் வரும். வராமலும் இருக்கும்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்தெருவில் என் இஸ்திரி வண்டி நிற்கிறது. அதன் அடியில்தான் படுத்திருக்கும். நான் நின்று தேய்க்கும்போது முதுகை என் கால் மேல் சாய்த்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் மேலே கரிப்பெட்டி, கீழே நாய், நடுவில் வெந்துகொண்டு நான். ஒரு உதை விட்டால் உறுமும். மறுபடி சாயும்.

வயதாகிச் செத்தது. பக்கத்தில் ஃப்ளாட் கட்டுகிற இடத்தில் வாட்ச்மேன் ஒரு மூலை காட்டினார். புதைத்தோம். இப்போது அதன் மேல் கார் நிறுத்துகிறார்கள். உயிரோடு இருந்தவரை அது காராகப் பார்த்துத்தான் காலைத் தூக்கியது. சரியாகப் போயிற்று.

மறுநாள் கரி மூட்டினேன். காலடி காலியாக இருந்தது. பெட்டியைத் தூக்க மனம் வரவில்லை. கரியில் தண்ணீரை ஊற்றிவிட்டு வீட்டில் போய்ப் படுத்தேன். அப்புறம் வண்டிப் பக்கமே போகவில்லை.

"எங்கம்மா செத்தப்போ மறுநாளே பொட்டியப் புடிச்சிக்கினு நின்ன. நாய்க்கு இன்னாய்யா இம்மாம் துக்கம்?" என்றாள் பெண்சாதி.

"உங்கம்மா என் கால் மேல சாஞ்சிக்கினா இருந்துச்சு?"

அன்றைக்குச் சோறு லேட்.

என் கூட்டாளி ஆட்டோ ஓட்டுகிறான். எங்கள் பக்கம் யார் செத்தாலும் பாடை கட்டும் முன்னே பேனர் கட்டுவான். "பேனர் வெச்சாதான் நைனா மன்சு ஆறும்" என்றான். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

நாய் தனியாக இருக்கிற போட்டோ இல்லை. நானும் அதுவும் வண்டியோரம் உட்கார்ந்த ஒன்று அவன் போனில் இருந்தது. அதைக் கொடுத்திருக்கிறான். நாய்க்குப் பேர் இல்லாததால் பேரும் போடவில்லை. பேனர் கடைக்காரர் வழக்கப்படி என் முகத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு, 'கண்ணீர் அஞ்சலி' என்று அடித்துவிட்டார். நாய் கீழ் மூலையில், என் சாவுக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

"பாக்கலியாடா?" என்றேன்.

"பாத்தேன். அடிச்சிட்டாங்கோ, அப்டியே சுருட்டி வெக்கவா சொல்ற? உன் மூஞ்சி நல்லாத்தான் கீது."

வண்டி மூடிக் கிடந்தது. அதன் மேலே கட்டிய பேனரில் மாலையோடு நான். தெரு நம்பிவிட்டது. பூக்காரம்மா மாலையோடு வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்தது நான். மாலையை என் கையிலேயே கொடுத்துவிட்டு ஓடினாள்.

அடுத்து, வண்டிக்கு எதிர் ஃப்ளாட் மாமி வந்தாள். வாசலில் பெண்சாதி கையைப் பிடித்துக்கொண்டாள். "தங்கமான மனுஷன். நாளெல்லாம் நின்னுண்டே இருப்பார். என் காட்டன் புடவையெல்லாம் அவர்கிட்டதான் இருக்கு. அவசரமில்லைம்மா. நாளைக்கு ஒரு கல்யாணம், அதான்..."

"சாயங்காலம் தரேன் மாமி" என்றேன் உள்ளேயிருந்து.

மாமி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "பெருமாளே! அப்போ போனது யாரு?"

"நாய்."

எனக்காகக் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டவள் நாய்க்கு நிஜமாகவே அழுதாள். "அதுவா! தினம் எங்காத்து வாசல்ல வந்து தயிர்சாதம் சாப்டுமே!"

என் வீட்டில் அது மீன் தலை இல்லாமல் தட்டைத் திரும்பிப் பார்க்காது. அங்கே போய் சைவம். எனக்குச் சிரிப்பு வந்தது. நிற்கவில்லை. கண்ணிலும் தண்ணீர் வந்தது. அதுவும் நிற்கவில்லை. பெண்சாதி அடுப்பைப் பார்ப்பதுபோல உள்ளே போனாள்.

சாயங்காலம் என்று வாய் விட்டாயிற்று. போய்க் கரி மூட்டினேன். பேனரை அவிழ்த்தேன். நல்ல கெட்டி ஷீட். வெயிலுக்கு ஆகும் என்று வண்டியின் ஓரத்தில் தொங்க விட்டேன். என் மூஞ்சியை மடித்து உள்ளே விட்டுக் கட்டினேன்.

நாய் இருக்கிற மூலை கீழே தொங்குகிறது. காற்றடித்தால் காலில் வந்து சாயும். ஒரு உதை விடுவேன். மறுபடி வரும்.