காசிக்கு என்று சொல்லிவிட்டு

தை மாதத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்குக் கல்யாண நாள் என்று ஒன்று கிடையாது. அன்றைக்கு வேறு யாருக்காவது கல்யாணம் இருக்கும். இருபத்து நான்கு வருஷமாக எங்களுக்கு அப்படித்தான். கொள்ளேகாலத்திலோ ஹனூரிலோ ஏதோ ஒரு மண்டபத்தில் யாரோ மாலை மாற்றிக்கொண்டிருக்க, நானும் என் வீட்டுக்காரரும் எதிரெதிர்ப் பந்தியில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். அவ்வளவுதான் கொண்டாட்டம். சில வருஷம் அதையும் மறந்து அவர் இரண்டாம் தடவை ரசம் கேட்டுக்கொண்டிருப்பார்.

இருபத்தைந்தாவது வருஷம் அப்படிப் போகக் கூடாது என்று போன ஆவணியிலேயே முடிவு செய்தேன். எங்கேயாவது போக வேண்டும், இரண்டே பேராகப் போக வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான். மைசூரில் விஜயநகரில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு ஊர் ஹனூர்ப் பக்கம். அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு இங்கே ஆஸ்பத்திரி வேலை என்றாலும், காலேஜ் அட்மிஷன் என்றாலும், தசரா பார்க்க வேண்டும் என்றாலும் இறங்குகிற இடம் எங்கள் வீடுதான். நான் புதுப்பெண்ணாக வந்த மூன்றாம் நாள், பல் பிடுங்க ஒருவர் வந்து எட்டு நாள் தங்கினார். அதிலிருந்து ஹாலில் பாய் சுருட்டி வைக்காத மாதம் இல்லை. வந்தவர்கள் எல்லோருமே நல்லவர்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வேலைக்குப் போனால் அங்கே வேறு மாதிரி. ஹெப்பாளில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். காலை முதல் சாயங்காலம் வரை தையல் மெஷின்களின் சத்தம். அதற்கு மேலே கத்தினால்தான் ஒரு காலர் வளைந்திருக்கிறது என்று சொல்ல முடியும். வீட்டுக்கு வந்தும் அதே குரலில் பேசுகிறேன் என்று பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிப்பாள்.

ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் வரும்போது போனில் ஒரு வீடியோ வந்தது. வங்காளத்தில் சுந்தரவனம். கடல் ஓரத்துச் சதுப்புக் காடு, நடுவில் சின்னச் சின்னத் தீவுகள். சேற்றுக்கு மேலே வேரை நீட்டிக்கொண்டு நிற்கிற மரங்கள். படகுக்காரர் இன்ஜினை அணைத்தார். அதன் பிறகு ஒன்றுமே இல்லை. தண்ணீர் படகில் தட்டுகிற சத்தம், ஒரு பறவை, அவ்வளவுதான். நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

வீட்டுக்காரரிடம் காட்டியபோது, புலி வருமா என்று கேட்டார். புலி வேண்டுமென்றால் பந்திப்பூர் பக்கத்திலேயே இருக்கிறது, எனக்கு வேண்டியது சத்தமில்லாத படகு என்றேன். சரி போகலாம் என்றார். எதற்கும் சரி என்கிற மனிதர்தான். அதுதான் பின்னால் வினையாயிற்று.

திட்டம் போடுவதை நான் எடுத்துக்கொண்டேன். பெங்களூரிலிருந்து கொல்கத்தாவுக்கு விமானம், அங்கிருந்து மூன்று மணி நேரம் கார், அப்புறம் படகு. படகுக்காரர்களோடு பேசத்தான் தாவு தீர்ந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது பாதி கன்னடம் கலந்த ஹிந்தி, அவர்களுக்குத் தெரிந்தது பாதி வங்காளம் கலந்த ஹிந்தி. இருந்தாலும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி எனக்கு நன்றாகப் புரிந்தது. எத்தனை பேர்? இரண்டு என்றதும், குழந்தைகள் வேறா என்றார்கள். இல்லை என்றதும், இருபது பேர் போகிற படகில் சேர்த்துவிடுகிறேன், பாட்டு உண்டு, மைக் உண்டு, ஜாலியாக இருக்கும் என்றார்கள். நான்கு பேரிடம் மைக் வேண்டாம் என்று சொல்லி, ஐந்தாவதாக ஒரு பெரியவர் கிடைத்தார். சின்னப் படகு, இரண்டு பேர், பாட்டு இல்லை. ஆதார் நகலை மட்டும் அனுப்பச் சொன்னார். அன்றைக்கு நான் பெற்ற சந்தோஷம் என் மகள் பாஸ் செய்தபோதுகூட இல்லை.

கார்த்திகை முடிவதற்குள் பத்திரிகை வந்துவிட்டது. கொள்ளேகாலத்தில் பங்காளி வீட்டுக் கல்யாணம், சரியாக நாங்கள் படகில் இருக்க வேண்டிய நாளில். பத்திரிகை வைத்தவர்கள் போனிலும் அழைத்தார்கள். வர முடியாது என்று சொல்லிவிடுங்கள் என்று நான் கையால் ஜாடை காட்டினேன். இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் முழித்தார். என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு சொன்னார்.

"காசிக்குப் போறமுங்க. டிக்கெட் போட்டாச்சு."

போனை வைத்ததும் நான் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்ன நியாயம் இது: பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு வராமல் சேறு பார்க்கப் போகிறோம் என்று யாரும் சொல்ல முடியாது. அதிலும் புருஷனும் பெண்டாட்டியுமாக, இந்த வயதில், தனியாக என்றால் ஊர் சிரிக்கும். காசி என்றால் மட்டும்தான் எவனும் கேள்வி கேட்க மாட்டான். இதைச் சொல்லிவிட்டு "பிடு" என்றார். அவர் கன்னடத்தில் பிடு என்றால் அந்தப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

கேள்வி கேட்க மாட்டார்களாம். மறுநாள் காலையிலிருந்து என் போன் ஓயவில்லை. கங்கா தீர்த்தச் சொம்பு மூன்று பேருக்கு என்று ஆரம்பித்து பதினொன்றில் நின்றது. ஒருத்தருக்கு அன்னபூரணி விக்கிரகம், ஒருத்தருக்குக் காசிக் கயிறு இரண்டு டஜன். கொள்ளேகாலத்து மாமா ஒருவர், காசிக்குப் போவதற்கு முன்னால் ராமேஸ்வரத்தில் மணல் எடுத்தாயிற்றா என்று விசாரித்தார். காசியில் ஒரு காயும் ஒரு பழமும் விட வேண்டும் என்பதால், இவர் என்ன விடப்போகிறார் என்று அந்த மாமாவின் தங்கை கேட்டாள். இவர் கொஞ்சமும் வெட்கப்படாமல் பாகற்காய் என்றார். அவர் பாகற்காயைத் தொட்டே இருபது வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு இரண்டு குடும்பம் கூட வருகிறோம் என்றது. டிக்கெட் இல்லை என்று சொல்லி அதைத் தள்ளினோம்.

ஒவ்வொன்றுக்கும் இவரிடம் ஒரு வழி இருந்தது. தீர்த்தச் சொம்பு தேவராஜா மார்க்கெட்டிலேயே கிடைக்கிறதாம், அடைத்து, ஈயம் வைத்து. கயிறும் அங்கேயே. கேட்கிறவர்கள் கேனையர்களாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொல்வார்களே, அந்தக் கணக்கில் அவர் பாட்டுக்கு நிம்மதியாக இருந்தார். எனக்குத்தான் எரிந்தது. அமைதிக்காக ஒரு பயணம் போடப்போய், ஒவ்வொரு சாயங்காலமும் யாரிடம் எந்தப் பொய் சொன்னோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்வதே வேலையாகிவிட்டது. நான் பொய் சொல்லவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. "ஆமாங்க, ஆமாங்க" என்று பதினொரு சொம்புக்கும் தலையாட்டினேன்.

மார்கழியில் அண்ணி வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. ஹனூரிலிருந்து இரண்டு மைல் தள்ளி அவர்களுக்கு நிலம். அவர் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், தவறி ஆறு வருஷம் ஆகிறது. மற்றவர்கள் மாதிரி அவர் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருகிறவர் இல்லை. வாசலிலேயே நின்று, கேட்டுக்கு உள்பக்கம் இருக்கிற கொய்யா மரத்தில் எதையோ கட்டிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. அண்ணனுடைய அஸ்தி. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியில் கரைத்தபோது ஒரு பிடி மட்டும் எடுத்து வைத்தாராம். காசிக்குப் போக வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பதால் ஆறு வருஷமாக மாட்டுக் கொட்டகை விட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க போறீங்கன்னு கேட்டதுமே எனக்குத் தூக்கமில்ல அம்மிணி," என்றார். "வேற யாரும் வேண்டாம். தம்பி கையால கரைச்சாப் போதும்."

இவர் தலையைக் குனிந்துகொண்டு சரிக்கா என்றார். அவர் வாயில் வருகிற ஒரே வார்த்தை. அண்ணி இரண்டு நாள் இருந்துவிட்டு பஸ் ஏறினார்.

டப்பா மரத்திலேயே இருந்தது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அதுதான் தெரியும். நான் ஜன்னலை மூடியே வைத்தேன். குழம்பு தாளித்தால் புகை வெளியே போகாமல் இருமினோம். இவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு அதற்கும் ஒரு வழி கொண்டுவந்தார். நாம் போகிற இடத்தில் ஓடுவதும் கங்கைத் தண்ணீர்தான், காசியைத் தாண்டி வந்து அங்கேதான் கடலில் சேருகிறது, படகிலிருந்து அங்கேயே கரைத்துவிடலாம், கங்கை கங்கைதானே, அக்காவுக்குத் தெரியவா போகிறது என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் உடனே மறுக்கவில்லை. நான்கு நாள் அதை மனதில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்தேன். அந்தப் பெரியவரின் படகு, இன்ஜின் அணைந்த பிறகு வருகிற அந்த அமைதி, நான் ஐந்து மாதம் போராடிப் பிடித்தது. ஒரு டப்பாவுக்காக அதை விடுவதா? யாருக்கு என்ன நஷ்டம்? அப்படியும் நினைத்தேன். ஐந்தாம் நாள், அந்தப் படகில் உட்கார்ந்து இவர் மஞ்சள் துணியை அவிழ்ப்பதையும், நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதையும் நினைத்துப் பார்த்தேன். அதற்கப்புறம் எங்களுக்கு அங்கே எந்த அமைதி இருக்கும்? காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது என்பார்கள். நாங்கள் காசிக்கும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டப்பாவை ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு நான் மட்டும் ஹனூர் பஸ் ஏறினேன். இவரைக் கூப்பிட்டேன். வயிறு சரியில்லை என்றார்.

அண்ணி களத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். கூடையைக் கொட்டகைக்கு வெளியே வைத்துவிட்டு நான் எதிரே உட்கார்ந்தேன். பேச்சைச் சுற்றி வளைக்க எனக்கு வராது. நாங்கள் காசிக்குப் போகவில்லை, கல்யாணத்தைத் தட்டிக்கழிக்கச் சொன்ன பொய், போவது வங்காளத்தில் ஒரு சதுப்புக் காட்டுக்கு என்று முழுவதையும் சொன்னேன். உங்கள் தம்பி அங்கேயே கரைத்துவிடலாம் என்றார், நானும் நான்கு நாள் சும்மா இருந்தேன் என்பதையும் சொன்னேன். அண்ணி காயை உரிப்பதை நிறுத்தவில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது எனக்கு.

அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார். தண்ணியும் மரமும் என்றேன். கோயில் இருக்கிறதா என்றார். நாங்கள் போகிற பக்கம் இல்லை என்றேன். கூட யார் வருகிறார்கள் என்றார். யாரும் இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான் என்றபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அத்தனை மெஷின் சத்தத்துக்கு மேலே கத்துகிற குரல்.

"முப்பத்தொரு வருசத்துல அவரும் நானும் ஒரே ஒருக்காத்தான் கொள்ளேகாலத்துல சினிமாவுக்குப் போனோம்," என்றார். "அன்னிக்கும் எங்க மாமியார் நடுவுல உக்காந்துக்கிட்டாங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. குற்ற உணர்ச்சியில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். படகை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம், நிஜமாகவே காசிக்கு டிக்கெட் போடுகிறோம், நீங்களும் வாங்க என்றேன். சொல்லும்போதே உள்ளே ஆத்திரம் பொங்கியது. இந்த வருஷமும் போயிற்று என்று நினைத்தேன். அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

அண்ணி மடியில் இருந்த தோலை உதறிவிட்டு எழுந்தார். கூடையிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"அவரையும் தூக்கிட்டுப் போனா நீங்க மூணு பேராயிருவீங்க," என்றார். "ரெண்டு பேராப் போய்ட்டு வாங்க. ஊருக்குக் காசின்னே இருக்கட்டும். யாராச்சும் கேட்டா நான் சொல்லிக்கறேன்."

அப்படியானால் நீங்கள் எப்போது காசிக்குப் போவீர்கள் என்று கேட்டேன். யாராவது கூட வர வேண்டாமா என்றும் கேட்டேன். அண்ணி எக்கி நின்று மஞ்சள் துணியை விட்டத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"வைகாசியில வெள்ளாமை எடுத்ததும் கெளம்பறோம்," என்றார். "கூட யாரும் வேண்டாம் அம்மிணி. நானும் அவரும் மட்டும் போய்க்கறோம்."