இலைக்குப் பவுடர் போட்டவர்

ஊரில் அவரை எல்லோரும் டச்சப் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். தெருமுனையில் அவருடைய போட்டோ ஸ்டூடியோ. படத்தில் விழும் முகங்களுக்கெல்லாம் டச்சப் செய்து செய்தே வந்த பெயர் அது. முன்னறையில் சீப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி, பவுடர் டப்பா, யாருக்கும் அளவு சேராத கறுப்புக் கோட்டு. உள்ளறையில் அருவி வரைந்த திரை, தூசி தட்டினால் புதிதாகிவிடும் பிளாஸ்டிக் பூச்செடி. செடி வகையில் அவருக்கு இருந்த மொத்தப் பழக்கமும் அந்த ஒன்றோடுதான். அதற்கும் ஒருநாள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார் என்று மனைவி சொல்வாள். கழுவுவதற்காக ஊற்றினேன் என்பார் அவர். இதுவரை யாரும் நம்பியதில்லை.

ஆளுக்கொரு போன் வந்தபிறகு ஸ்டூடியோவில் ஈ ஓட்டுவதே முழுநேர வேலையாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் கல்லூரியில் செடிகளை ஆராயும் ஒரு அம்மா, ஊர் நூலகத்தில் பயிற்சி வைத்தார். ஊருக்கு மேலே பாறைச் சரிவில் சிமிழ்ச்செடி இருக்கிறது. சின்னச் சிமிழைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஊதாப் பூ. இந்தச் சுற்றுவட்டாரத்தில் சில சரிவுகளை விட்டால் வேறெங்கும் அது கிடையாது. நாங்கள் எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பதைவிட, இங்கே இருக்கிறவர்கள் மாதாமாதம் கவனித்தால்தான் கெடுதல் வரும்போதே தெரியும் என்றார்.

"இங்க உக்காந்து என் மூஞ்சியப் பாத்துட்டு இருக்கறதுக்கு, அங்க போய் செடியப் பாருங்க," என்றாள் மனைவி.

பயிற்சி சுலபமாகத்தான் இருந்தது. அடையாளம் வைத்த அதே கல்லில் நிற்க வேண்டும். அதே செடிகளை, பக்கத்தில் அளவுகோல் ஊன்றி, அதே கோணத்தில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். "படம் அழகா இருக்கணும்னு இல்ல. உள்ளபடி இருந்தாப் போதும்," என்றார் மேடம். டச்சப் பலமாகத் தலையாட்டினார். பலமாகத் தலையாட்டினால் காதில் எதுவும் தங்குவதில்லை என்பது அவர் பிற்பாடு கண்டுபிடித்த உண்மை.

முடிவில் எல்லோருக்கும் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை கொடுத்தார்கள். அவர் அட்டைக்கான படத்தை அவரே எடுத்து, அவரே 'சரி' செய்திருந்தார். மேடம் அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இது உங்க தம்பியா?"

அட்டையில் இருந்தவருக்கு நெற்றிவரை முடி.

முதல் சில மாதங்கள் எந்தத் தொந்தரவும் இல்லை. மழை விட்ட மாதம், கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தபோது இலைகளில் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. அவருக்கு ஒரு நொடிகூட யோசனை ஓடவில்லை. கை ஓடியது. எத்தனை கல்யாணங்களில் எத்தனை கன்னங்களைத் துடைத்த கை. அவர் கடைக்கு வந்துபோன எவருக்கும் பருவோ தழும்போ கிடையாது. அதைப்போலவே இலைகளுக்கும் துடைத்துவிட்டார். நுனி கருகிப்போன இடங்களில், கீழே இருந்த நல்ல இலை ஒன்றை நகலெடுத்து ஒட்டினார். அந்த இலையின் ஓரத்தில் அரைவட்டமாக ஏதோ கடித்த தடம் இருந்தது. கொஞ்சம் இயற்கையாக இருக்கட்டும் என்று அதை விட்டுவிட்டார். இயற்கையின்மேல் அவருக்கு அவ்வளவு பெருந்தன்மை.

மேடம் போனில் பாராட்டினார். "மத்த ஊர்ல எல்லாம் இலைப்புள்ளி நோய் வந்துடுச்சு சார். உங்க சரிவுதான் நல்லா இருக்கு."

புள்ளியா என்று ஒரு கேள்வி அவருக்குள் கண் விழித்தது. அதைத் தட்டித் தூங்கவைத்துவிட்டு, தன் கேமராவுக்குப் பயந்துதான் நோய் ஊருக்குள் வரவில்லை என்பதுபோல் மனைவியிடம் சொன்னார். அடுத்தடுத்த மாதங்களில் புள்ளிகள் கூடின. துடைக்கும் வேலையும் கூடியது.

அவருடைய அக்கா ஆடு வளர்ப்பவள். ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்தவள் திரையை உற்றுப் பார்த்தாள்.

"டேய், இது எந்த ஊருச் செடி?"

"நம்ம சரிவுதான்க்கா."

"நான் தினம் அந்தப் பக்கமா ஆட்ட ஓட்டிட்டுப் போறேன். அது சோகை புடிச்சுப்போய் நிக்குது. உன் படத்துல மட்டும் கல்யாணப் பொண்ணாட்டம் நிக்குது."

"வெளிச்சம் அப்படிக்கா."

"எந்த வெளிச்சம்? உன் தலையில முடி முளைச்சுதே, அந்த வெளிச்சமா?"

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி சத்தமாகச் சிரித்தாள். நாத்தனாரும் அவளும் ஒத்துப்போகும் விஷயம் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

இரண்டு நாள் கழித்து மேடத்தின் குரலில் ஒரு பரபரப்பு. "சார், உங்க படத்துல பல இலையில அரைவட்டமாக் கடிச்சிருக்கு. ஒரே இடம், ஒரே அளவு. இப்படிக் கடிக்கிற பூச்சிய நான் பாத்ததே இல்ல. பூச்சிகளை ஆராயறவர் ஒருத்தரக் கூட்டிட்டு ஞாயித்துக்கிழம வரேன்." பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல்: "நோய் வந்த செடிய வெட்டி எடுக்குற குழு ஒண்ணுதான் இருக்கு. உங்க சரிவுக்குத் தேவயில்ல, அவங்கள வேற ஊருக்கு அனுப்பிடறேன்."

டச்சப் போனை மேசைமேல் வைத்தார். அந்தப் பூச்சி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஸ்டூடியோவின் உள்ளறையில், சுழல்நாற்காலியில், வழுக்கைத் தலையோடு அது உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் நகவெட்டியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சரிவுக்கு ஏறினார். நல்ல இலைகளாகப் பார்த்து, ஓரத்தில் அரைவட்டமாக வெட்டி வைத்துவிட்டால் வருகிறவருக்குக் கடித்த தடமாவது கிடைக்கும். பூச்சி வெளியூர் போயிருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். இதைவிட மட்டமான யோசனைகளும் அவருக்கு வந்திருந்தன.

கேமரா இல்லாமல் அந்தச் செடிகளுக்கு முன்னால் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. ஒரு இலையைத் திருப்பினார். புள்ளிக்குள் புள்ளி, அதைச் சுற்றிச் சாம்பல் வளையம். அடுத்ததையும் திருப்பினார். அடுத்த செடிக்கு நகர்ந்தார். பாதையோரத்துச் செடிகளில் இலை என்று சொல்லவே ஒன்றுமில்லை. காம்புகள் குளிரில் நிற்கும் விரல்களைப்போல் மடங்கியிருந்தன. வெட்டுவதற்கு ஒரு நல்ல இலை வேண்டும். அவ்வளவுதான் அவர் தேடியது. கை எட்டும் இடத்தில் அது கிடைக்கவில்லை.

"என்னடா, செடிக்கு நகம் வெட்டுறியா?"

கீழே பாதையில் ஆடுகளோடு அக்கா நின்றிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்காதது கஷ்டமாக இருந்தது.

"அந்தம்மாவுக்கு இப்பவே போன் போடு. நாளைக்கு வந்து பாத்தா, குழு வேற ஊருக்குப் போயிருக்கும்."

"சொன்னா அட்டையப் புடுங்கிடுவாங்கக்கா."

"புடுங்கட்டுமே. அதுல இருக்கறவன்தான் நீ இல்லையே."

அவர் பாறைமேல் ஏறி நின்று எண்ணை அழுத்தினார். முன்னுரை எதுவும் வைக்கவில்லை.

"மேடம், அந்தப் பூச்சி நான்தான்."

மீதியையும் விளக்கிச் சொல்லி முடித்தார். பிறகு மேடம் ஒன்றே ஒன்று கேட்டார். "தொடாத படம் இருக்கா?"

இருந்தது. வேண்டாததை அழித்துவிடும் ஒழுங்கு அவருக்கு என்றைக்கும் வந்ததில்லை. அவருடைய வேலைப் பெருமை கவிழ்த்ததை அவருடைய சோம்பேறித்தனம் காப்பாற்றி வைத்திருந்தது. அன்றிரவே எல்லாவற்றையும் அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை குழு வந்தது. ஆளும் ஆடும் உரசிப் போகும் பாதையோரத்தில் நோய் தொடங்கி மாதாமாதம் மேலே ஏறியிருப்பது தொடாத படங்களில் வரிசையாகத் தெரிந்தது. ஏறிய இடம்வரை வெட்டி, குழி தோண்டி எரித்தார்கள். பாதையைச் சுற்றுவழிக்கு மாற்றினார்கள். அக்கா ஒரு வாரம் முணுமுணுத்தாள், ஆனால் ஆட்டைச் சுற்றியே ஓட்டினாள். கீழ்ச்செடிகள் போய்விட்டன. மேலே பாறையிடுக்கில் இருந்தவை பிழைத்துக்கொண்டன. ஏற்கெனவே பயணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டதால் பூச்சி ஆராய்கிறவரும் வந்திருந்தார். டச்சப்பை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "இவ்வளவு பெருசா இருக்கும்னு எதிர்பாக்கல," என்றார்.

மேடம் சிரிக்கவில்லை. "முதல் மாசமே தெரிஞ்சிருந்தா அந்தக் கீழ்வரிசையும் இருந்திருக்கும் சார்," என்று மட்டும் சொன்னார். வாயில் வந்த வேடிக்கைப் பேச்சை டச்சப் விழுங்கிக்கொண்டார். பிறகு அவர் அட்டையைக் கழற்றி நீட்டியபோது மேடம் வாங்கவில்லை. மற்ற ஊர்களிலிருந்து வரும் படங்களில் செடி எது, கல் எது என்றே தெரிவதில்லையாம். "நீங்களே எடுங்க. எடுத்ததோட நிறுத்திக்கோங்க."

நிறுத்துவது அவ்வளவு சுலபமில்லை. இப்போதும் மாதாமாதம் படத்தைத் திறந்ததும் அவர் விரல்கள் அரிக்க ஆரம்பிக்கின்றன. அதனால் அனுப்பும் நாளில் மனைவி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். போன மாதம் ஒரு இலையில் புதிதாக ஒரு சின்ன மஞ்சள். அவர் கை தானாக மவுஸ் பக்கம் நகர்ந்தது.

"கைய எடுங்க," என்றாள் அவள்.

எடுத்தார். அவளே அனுப்பிவிட்டாள்.