கால்வாய்க்குப் போட்ட சுண்ணாம்புக் கோடு

என் தங்கை அருணாதேவி பில் கலெக்டர். வீட்டு வரியும் தண்ணீர் வரியும் வசூலிப்பது அவள் வேலை. எங்கள் குடும்பத்தில் அரசுச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். நான் எட்டாவதோடு நின்று பஞ்சர் கடைக்குப் போனவன். அவள் குரூப் ஃபோர் பரீட்சையை இரண்டாம் முறையில் பாஸ் செய்தாள். எந்த அலுவலகம் என்று எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். திருவண்ணாமலை மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்று, அவ்வளவுதான்.

அவள் கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கும். ரசீதை மிஷின் துப்புகிற இந்தக் காலத்திலும் நோட்டீஸில் பெயரை அவள் பேனாவால்தான் எழுதுவாள். வேலைக்குச் சேர்ந்த மாதம், வீணாய்ப்போன ஒரு நோட்டீஸை வாங்கி வந்து கடைச் சுவரில் ஒட்டினேன். காற்றடிக்க வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன்.

என் கடை இருக்கும் தெரு பள்ளத்தில் இறங்கும். கடைசி வீடு வெள்ளையம்மாளுடையது. இட்லி மாவு அரைத்து விற்பவர். கணவர் வேணு லோடு வண்டி ஓட்டியவர். சர்க்கரை நோயால் இடது காலில் புண் வந்து வீட்டோடு இருந்தார். தெருவில் கால்வாய் கிடையாது. மழை பெய்தால் அத்தனை வீட்டுத் தண்ணீரும் அவர்கள் வாசலுக்குத்தான் போகும். அதற்காகவே வெள்ளையம்மாள் மூன்று வருடம் வரி கட்டவில்லை.

போன வருடத்துக்கு முந்தைய வருடம், மார்ச் பதினெட்டாம் தேதி. வசூலை முடிக்கச் சொல்லி அருணாவுக்கு மேலிருந்து நெருக்கடி. அன்று நான் அவளோடு போயிருந்தேன்.

"வாம்மா கலெக்டரு. கால்வாய் எடுத்தாந்தியா, வெறுங்கையோட வந்தியா?" என்றார் வெள்ளையம்மாள்.

"எஸ்டிமேட் போட்டு அனுப்பியாச்சுக்கா. அளந்துட்டுப் போனாங்களே, பாக்கலையா நீங்க?"

பார்த்திருந்தார். நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். நான்கு நாள் முன்பு இரண்டு பேர் டேப் பிடித்து அளந்து, தெரு நெடுக ஓரமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள்.

"ஒம்போதாயிரம் வச்சிருக்கேன். இல்லேங்கல. மழைக்கு முன்ன வாசல்ல ஒரு தடுப்புச் சுவரு வைக்கலாம்னு."

"கால்வாய் வரப்போவுது, அப்புறம் சுவரு எதுக்குக்கா? வரியைக் கட்டுங்க. மழைக்கு முன்ன வேலை முடிஞ்சிடும்."

வேணு என்னைப் பார்த்தார். "இன்னாப்பா சொல்ற நீ?"

"எந் தங்கச்சி சொன்னா சொன்னதுதாண்ணா" என்றேன்.

வெள்ளையம்மாள் கட்டினார். அவர் கட்டியதைப் பார்த்துத் தெருவே கட்டியது. அந்த மாதம் வசூலில் அருணாவின் வார்டுதான் முதலிடம். நான் கடைக்கு வந்தவர்களுக்கு மிக்சர் வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் போனது, ஆகஸ்ட் போனது. கோட்டின் மேல் வண்டிகள் ஓடின. அருணா அலுவலகக் கணக்காளர் இளஞ்செழியனிடம் போய்க் கேட்டாள். அவர் கெட்டவர் இல்லை. சிரித்தாராம்.

"ஏம்மா, அந்தத் தெரு காசை அந்தத் தெருவுக்குனு தனி டப்பாவுலயா போடறோம்? எல்லாம் ஒரே பைதான். சம்பளம், கரண்ட் பில், மோட்டார் ரிப்பேரு. போன பௌர்ணமிக்குக் குப்பை அள்ள மட்டும் எத்தினி லாரி தெரியுமா? மலை சுத்த வர்றவங்க யாரும் இங்க வீட்டு வரி கட்டல."

"எஸ்டிமேட் போட்டோமே சார்?"

"அது ஆசை. காசு ஒதுக்கினாத்தான் வேலை. இதுமாதிரி நாப்பது கெடக்குது பீரோவுல."

நான்கு வருடம் அங்கே வேலை பார்த்தவள், போட்ட எஸ்டிமேட்டைக் கட்டிய கால்வாயாகவே நினைத்திருந்தாள். திருடியவர் யாருமில்லை. குப்பையை அள்ளாமல் விட முடியுமா? விளக்கை அணைக்க முடியுமா? நானும் யோசித்துப் பார்த்தேன், திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை.

இப்போதாவது சுவரை வைக்கச் சொல் என்றேன். அன்றே போய்ச் சொன்னாள். வெள்ளையம்மாள் கையில் காசு இல்லை. அருணா தன் சம்பளத்திலிருந்து தருவதாகச் சொல்ல, "கவர்மெண்டு கட்ட வேண்டியதை நீ எதுக்குக் கட்டற, போ" என்று அனுப்பிவிட்டார்.

தீபத்துக்கு இரண்டு வாரம் முன்பு மழை பிடித்தது. மூன்று நாள். முதல் நாளே சுண்ணாம்புக் கோடு கரைந்துவிட்டது. கடைசி வீட்டுக்குள் முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீர். கட்டிலின் மேல் கட்டில் போட்டு வேணுவை உட்கார வைத்திருந்தார்கள். கிரைண்டரைத் தூக்க வெள்ளையம்மாள் தடுமாறுவதைப் பார்த்து அவர் இறங்கிவிட்டார். கட்டுப்போட்ட காலோடு தண்ணீரில் நின்றார். பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அருணா போய்ப் பார்த்தாள். வேணு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

அடுத்த மார்ச் வந்தது. அந்தத் தெருவை வேறு ஆளுக்கு மாற்றிக்கொள் என்றேன்.

"நான் வாங்குன காசுண்ணா. நானே போறேன்."

வெள்ளையம்மாள் கதவருகிலேயே நின்றார். உள்ளே ஊன்றுகோல் சாய்த்து வைத்திருந்தது.

"கால்வாய் வருமா?"

"தெரிலக்கா."

"போன வருஷம் தெரிஞ்சுதே?"

அருணா ரசீது மிஷினைப் பைக்குள் வைத்தாள். வெள்ளையம்மாள் கட்டவில்லை. என் கடையைத் தவிர அன்று தெருவில் யாருமே கட்டவில்லை. பாக்கி வைத்தவர்களின் தண்ணீர்க் குழாயைத் துண்டிக்கும் பட்டியலை அவள்தான் எழுத வேண்டும். வேணுவின் பெயரை மட்டும் விட்டுவிடு என்றேன்.

"அவங்கள விட்டுட்டு மத்தவங்கள வெட்டறதா? முதல்ல கட்டுனதும் அவங்கதான், என் பேச்சைக் கேட்டு. இப்ப எதையும் சொல்லி வாங்க மாட்டேன். சொல்லாம வாங்கவும் தெரியல" என்றாள். எழுதினாள். வேணுவின் பெயர்தான் முதலில்.

குழாயைத் துண்டித்த மறுநாள் காலை வெள்ளையம்மாள் இரண்டு பிளாஸ்டிக் குடங்களோடு என் கடைக் குழாய்க்கு வந்தார். நான் குழாயைத் திறந்துவிட்டேன். குடம் நிரம்பும்வரை அவர் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவும் பாப்பா எழுத்துதானே?"

"ஆமாக்கா."

"எங்க வூட்டுக் கதவுலயும் ஒண்ணு ஒட்டியிருக்குது. அவரு பேரை நல்லா எழுதியிருக்கா."

ஒரு குடத்தை இடுப்பிலும் ஒன்றைக் கையிலும் வைத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கிப் போனார். மாவு அரைக்க நான்கு நடை ஆகும் போலிருக்கிறது. நான் சுவரிலிருந்த நோட்டீஸை நனைத்துச் சுரண்டினேன். பழைய பசை. பெயர் எழுதிய இடம் மட்டும் வரவில்லை.