சட்டைக் கை தைத்த சாக்கு

நாட்டைத் தின்றவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். வாப்பாவின் தோணிதான் மண்ணெண்ணெய் இல்லாமல் கரையில் கிடந்தது. அந்த வருஷம் சாய்ந்தமருதில் நோன்பு பிறந்தபோது எங்கள் அரிசிப் பானையில் கைவிட்டால் அடி தட்டியது. எனக்கு அரை நோன்பு பிடிக்கிற வயது.

பள்ளிவாசலிலும் கஞ்சி காய்ச்ச அரிசி இல்லை. வீட்டுக்கு ஒரு பிடி போடுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். போடாவிட்டால் நாங்கள் என்ன அந்தப் பள்ளியின் மஹல்லாக்காரர்? உதவிப் பொதி தந்து படம் பிடிக்க வந்தவனையே உம்மா விரட்டியிருந்தார். அவரா இல்லை என்று சொல்வார்?

பள்ளித் தலைவரே சாக்கைச் சுமந்து வீடு வீடாக வந்தார். வாய் கெட்ட மனுஷன். வாப்பாவோடு கோபம், கதை பேச்சில்லை. சாக்கின் வாயில் ஒரு பழைய சட்டையின் கையை வெட்டித் தைத்திருந்தார். பொத்திய கையை அதற்குள் விட வேண்டும். யார் எவ்வளவு போட்டார் என்று எவருக்கும் தெரியாது.

உம்மா வெறுங்கையைப் பொத்திக்கொண்டு வேலிக் கடப்படிக்குப் போனார். கை உள்ளே போனது. உடனே வரவில்லை. வந்தபோதும் பொத்தியே இருந்தது. விரலிடுக்கால் கொஞ்சம் அரிசி மணலில் விழுந்தது.

பள்ளி அரிசியை உம்மா எடுத்துவிட்டார். தலைவர் கண்டால் ஒலிபெருக்கியில் ஊருக்கே சொல்லிவிடுவார். பிறகு யார் முகத்தில் முழிப்பது? ஓடிப்போய் அரிசியின் மேல் காலை வைத்தேன்.

"மண் கொதிக்குது, வெறுங்காலோட நிற்கியே. உனக்குச் செருப்பில்லியாடா?" என்றார் தலைவர் என்னிடம். நான் அசையவில்லை.

பிறகு உம்மாவைப் பார்க்காமல், தென்னையைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்கும் கை போடுங்க தங்கச்சி. ஒரு வீடு விட்டாலும் கஞ்சி சரிவராது."

"ஓம் காக்கா" என்றார் உம்மா.

அவர் அடுத்த வீட்டுக்குப் போனதும்தான் எனக்கு மூச்சு வந்தது. அன்று ஒலிபெருக்கியில் பாங்கைத் தவிர வேறொன்றும் வரவில்லை. நோன்பு திறந்து பள்ளிக் கஞ்சியைப் பயமில்லாமல் குடித்தேன். அந்த மனுஷனுக்குக் கண்ணே தெரியாது என்று சொல்லிச் சிரித்தேன். உம்மா சிரிக்கவில்லை. எழும்பிப் போய் விடியமுன் சாப்பிடும் சஹருக்கு உலை வைத்தார்.

அரிசி போடுவதற்கு மட்டும்தான் என்றால் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாலே போதும். சட்டைக் கையை வெட்டித் தைக்க அவருக்கு என்ன வேலை என்று அப்போது எனக்குக் கேட்கத் தெரியவில்லை.