கிணறு தேறுகிற வரைக்கும்

காலையில் தீபலட்சுமி என் வேனில் ஏறும்போது அவள் பையில் சாப்பாட்டு டப்பாவோடு இரண்டு காலி பாட்டில்கள் இருக்கும். சாயங்காலம் இறங்கும்போது டப்பா காலியாகவும் பாட்டில்கள் நிறைந்தும் இருக்கும். அவள் ஒருத்தி மட்டுமில்லை, என் வண்டியில் வருகிற பெண்கள் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் எங்கள் ஊர். அங்கிருந்து ஷூ கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற டிரைவர் நான், பெயர் டேனியல். காலையில் மேடு பள்ளத்தில் வண்டி ஏறி இறங்கும்போது பின்னால் காலி பாட்டில்கள் லொடலொடவென்று உருளும். சாயங்காலம் அந்தச் சத்தம் இருக்காது.

கம்பெனிக்குச் சொந்தமாக ஆற்றோரத்தில் ஒரு தோல் ஷாப்பும் உண்டு. தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். உப்புப் போட்டு வரும் பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, மயிரை வழித்து, டிரம்மில் உருட்டி எடுப்பதற்குள் எவ்வளவு தண்ணீர் செலவாகும் என்று கேட்காதீர்கள். அந்தத் தண்ணீர் இத்தனை வருஷமும் எங்கே போனது என்று கேளுங்கள். எங்கள் கிணறுகளுக்குள் போனது. இப்போது சுத்திகரித்துத்தான் விடுகிறார்களாம். சுத்திகரித்தால் நாற்றம் போகிறது, உப்புப் போகவில்லை. எங்கள் ஊர் ஆட்டுக்குட்டிக்கே அது தெரியும், மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆனால் கம்பெனிக்குள் கேன்டீன் பின்னால் ஒரு ஃபில்டர் பிளான்ட் இருக்கிறது. எங்கள் கிணற்றைக் கெடுத்தவன் வீட்டுக் குழாயில் பாட்டில் பிடித்து வந்து எங்கள் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்கிறோம். சொல்லும்போதே காறித் துப்பத் தோன்றுகிறது.

தீபலட்சுமி குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பத்தில் பிறந்தவள். தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்ததால் சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுகிற மாதிரி இருக்கும். எங்கள் ஊர் மகேந்திரனுக்குத் தென்னந்தோப்பும் கல் கட்டிய கிணறும் இருக்கிறது என்று சொல்லித்தான் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். வந்த புதிதில் அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு வேக மறுத்தது. பருப்பு வேகவைக்கக்கூடத் தெரியாதவளை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மாமியார் மருமகளைத் திட்டித் தீர்த்தாளாம். எங்கள் ஊரில் அந்தச் சமயத்தில் வந்த மருமகள்கள் எல்லோரும் இந்தத் திட்டை வாங்கியிருக்கிறார்கள். கிணற்றைத் திட்ட யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு வடித்த சோறு மஞ்சளானது. குடத்தின் உள்ளே வெள்ளையாகப் படிந்தது. மகள் சௌமியாவைக் குளிப்பாட்டினால் உடம்பெல்லாம் தடித்தது. தேங்காய் சிறுத்துக் கைக்குள் அடங்குகிற அளவுக்கு வந்ததும் மகேந்திரன் பாதி மரங்களை வெட்டிப் போட்டுவிட்டுப் பெட்ரோல் பங்க்கில் வேலைக்குச் சேர்ந்தான். தீபலட்சுமி ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற வேலைக்குச் சேர்ந்து என் வேனில் ஏறினாள்.

"கெணறு தேறுற வரைக்கும்தாண்ணா," என்றாள் முதல் நாள். "ரெண்டு மழ நல்லா பேஞ்சா தேறிடும். அப்பறம் நின்னுடுவேன்."

அப்போது சௌமியா அங்கன்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டு வேலூரில் நர்ஸிங் சேரக் காத்திருக்கிறாள். நடுவில் மழை பெய்யாமல் இல்லை. ஆறு கரை தொட்டு ஓடியதைக்கூடப் பார்த்தோம். மஞ்சள் குங்குமம் தூவி, கற்பூரம் காட்டி, கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தால் தண்ணீரின் மேல் மலை மலையாக நுரை வந்துகொண்டிருந்தது. கும்பிட்ட கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றோம்.

தீபலட்சுமிக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. வேனில் அவள் அதைச் சொல்லாத வாரமில்லை. "எம் பொண்ணு மட்டும் இந்த வண்டியில ஏறக் கூடாதுண்ணா. ஏறிட்டான்னா, நான் இன்னாத்துக்கு இத்தினி வருஷம் குனிஞ்சிகினு தெச்சேன்?"

போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. கழிவுநீரில் உப்பு இவ்வளவுதான் இருக்கலாம் என்று புதிய கட்டுப்பாடு வருகிறதாம். அதை இப்போதே கொண்டுவருவதா, பழைய ஆலைகளுக்கு இன்னும் ஐந்து வருஷம் தவணை கொடுப்பதா என்று மக்களிடம் கேட்கப் போகிறார்களாம். ஆம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். முந்தின நாள் கல்யாணத்தின் நல்வரவு வளைவுகூடக் கழற்றப்படாமல் நின்றது. பின்கட்டில் இரு தரப்புக்கும் பொதுவாகப் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கேன் தண்ணீர் அடுக்கியிருந்தார்கள். "ஊர்த் தண்ணில போட்டா அரிசி நெறம் மாறிப் பூடும் பாய்," என்றார் பிரியாணி மாஸ்டர் என்னிடம், தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே. என்னை அவர் பாய் என்று கூப்பிட்டதை நான் திருத்தவில்லை. உள்ளே போய்ப் பேச வேண்டியவர் அவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் மூன்று மேசை. தொழிலாளருக்கு மஞ்சள் அட்டை, விவசாயிக்குப் பச்சை, பொதுமக்களுக்கு வெள்ளை. கயிற்றோடு கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். கம்பெனி எங்கள் வேன்களில் பெண்களை அள்ளிக்கொண்டு வந்திருந்தது, ஆகவே தீபலட்சுமிக்கு மஞ்சள் கிடைத்தது. அவள் அதோடு நிற்கவில்லை. கிணற்று நிலத்தை மகேந்திரன் அவள் பெயருக்கு மாற்றி எழுதியிருந்தான். பட்டா நகலை நீட்டிப் பச்சையும் வாங்கி, இரண்டையும் மாட்டிக்கொண்டாள்.

மேசையில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ண எடுத்துடுங்கம்மா. ஒருத்தருக்கு ஒரு பிரிவுதான்."

"ரெண்டும் நான்தான சார்."

"சிஸ்டம்ல ஏறாதும்மா."

விவசாய சங்கத்து லோகநாதன் அவளைத் தூணோரமாகக் கூப்பிட்டார். "பச்சையே வெச்சிக்கோ. ஆனா கம்பெனில வேல செய்றேன்னு மட்டும் வாயத் தொறக்காத. நம்ம பேச்சு எடுபடாமப் பூடும்." அவர் நகர்ந்ததும் கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர் வந்தார். "தீபா, மஞ்சள் போட்டுக்கோ. வேலையப் பத்தி மட்டும் பேசு, கிணறு கிணறுன்னு ஆரம்பிக்காத. எத்தன குடும்பத்துப் பொழப்பு, யோசிச்சுப் பாரு." இருவருமே மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒருவருக்கு அவளில் பாதி வேண்டும், மற்றவருக்கு மீதிப் பாதி வேண்டும். கசாப்புக் கடையில்கூட இவ்வளவு சுத்தமாக வெட்ட மாட்டார்கள்.

முடிவு சொன்னவள் ஹுமேரா. அடுத்த மெஷினில் தைப்பவள், அடுத்த தெருக்காரி. "அக்கா, மஞ்சளே போட்டுக்கோ. பச்ச போட்டுகினு பேசினா நாளைக்கு கேட்லயே நிறுத்திடுவாங்க. வேல போனாப் போவுது, தண்ணிக்கு இன்னா பண்ணுவே?"

தீபலட்சுமி பச்சை அட்டையைக் கழற்றி, பைக்குள் காலி பாட்டில்களுக்கு நடுவே வைத்துக்கொண்டாள்.

உள்ளே எல்லோரும் பேசினார்கள். ஏற்றுமதிக்காரர் அந்நியச் செலாவணி பற்றிப் பேசினார். தொழிற்சங்கத்துக்காரர், ஷாப்பு மூடினால் பாதி ஊரில் அடுப்பு எரியாது என்றார், அது பொய்யில்லை. லோகநாதன் செத்துப்போன மண்ணைப் பற்றிப் பேசினார், அதுவும் பொய்யில்லை. சென்னையிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர் திரையில் படம் போட்டு, இந்த ஆற்றுக்கு முன்பு வந்த பறவைகளைக் காட்டிவிட்டு, மக்கள் வேறு தொழிலுக்கு மாறிக்கொள்ள வேண்டும் என்றார், ஏதோ சட்டை மாற்றுகிற மாதிரி. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு நியாயம் இருந்தது. முழு மனுஷியாக ஒருத்தி வந்து நின்றால் அவளை வைக்கத்தான் அங்கே இடமில்லை.

தீபலட்சுமியின் முறை வந்தது. அவளுக்கு மைக் தேவையே இல்லை. "எங்க கெணத்துத் தண்ணி," என்று ஆரம்பித்தாள்.

மேடையில் நடுவில் இருந்த அதிகாரி கையைத் தூக்கினார். "அம்மா, நீங்க தொழிலாளர் பிரிவு. தண்ணி விஷயம் விவசாயிகள் பிரிவுல வந்தாச்சு."

"தண்ணி குடிக்கிற பிரிவு எது சார்?"

சிரித்தார்கள். அவள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். "தெனம் இதுல கம்பெனித் தண்ணி புடிச்சிகினு போறேன். இங்க இருக்கிற பொம்பளைங்க அத்தினி பேரும் புடிச்சிகினு போறாங்க. வீட்ல அதான் குடிக்கிறோம். எங்க கெணத்த இன்னா பண்ணீங்கன்னா, நாங்க உங்க கிட்ட வந்து தண்ணி பிச்ச எடுக்கிற மாதிரி பண்ணீங்க."

முதலில் கை தட்டியது கம்பெனி ஆட்கள்தான். நான் அதை என் கண்ணால் பார்த்தேன். ஹெச்.ஆர். மேனேஜர் எழுந்து நின்று தட்டினார். எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பிரியாணி தின்றுவிட்டு எல்லோரும் வேனில் ஏறினோம். நானும்தான் தின்றேன்.

சில மாதம் கழித்து உத்தரவு வந்தபோது விளங்கியது. ஐந்து வருஷத் தவணை கொடுத்துவிட்டார்கள். அதற்கு ஒரு நிபந்தனை. ஆம்பூர்ப் பகுதியில் ஓர் ஆலை தன் தொழிலாளர் குடும்பங்களுக்கு இலவசமாகக் குடிநீர் வழங்கி வருவதைத் தொழிலாளர் பிரதிநிதி ஒருவரே கூட்டத்தில் எடுத்துச் சொன்னாராம். அந்த முன்மாதிரியை மற்ற ஆலைகளும் பின்பற்ற வேண்டுமாம். அவள் காறித் துப்பியதைத் துடைத்து எடுத்துச் சட்டமாக்கியிருந்தார்கள். லோகநாதன் அவள் வீட்டு வழியாகப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீக்கடையில் அவளுக்குக் கம்பெனிக்காரி என்று பெயர் வைத்தார்கள்.

கேட்டருகே புதிய குழாய், டைல்ஸ் பதித்த மேடை, திறப்பு விழா. யோசனை அவளுடையது என்பதால் தீபலட்சுமிதான் குழாயைத் திறக்க வேண்டும் என்றார்கள். அதே அதிகாரி வந்திருந்தார். அவள் திறந்தாள், தண்ணீர் வந்தது, கண்ணாடி கிளாஸில் பிடித்து அதிகாரியிடம் நீட்டினார்கள். "தொண்ட சரியில்ல," என்று தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு, உதவியாளர் கொடுத்த சீல் உடைக்காத பாட்டிலைத் திறந்து மடக்மடக்கென்று குடித்தார். அந்தக் கிளாஸ் சுற்றிக்கொண்டு தீபலட்சுமியின் கைக்கே வந்தது. போட்டோக்காரன், "குடிங்கம்மா, கொஞ்சம் சிரிங்க," என்றான். அவள் குடித்தாள். சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வேனில் ஹுமேராவிடம் சொன்னாள். "அந்த ஆளு வாயே வெக்கல, பாத்தியா? எனக்குக் கொமட்டிகினு வந்துச்சு. ஆனா துப்ப முடியல. நல்ல தண்ணியாச்சே."

இதற்கு முன்னால் கேட்டில் இருந்த செக்யூரிட்டி, மூன்றாவது பாட்டிலைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிடுவான். திட்டம் என்று ஆனதும் அது நின்றுபோனது. கார்டைக் காட்ட வேண்டும், ஆளுக்கு இரண்டு பாட்டில், அதற்கு மேல் கிடையாது. அடுத்ததாக, வாரத்துக்கு ஒருமுறை எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த அரசாங்கக் குடிநீர் லாரியை நிறுத்தினார்கள். போய்க் கேட்டால், உங்கள் ஊரில்தான் கம்பெனி தண்ணீர் கொடுக்கிறதே, தண்ணீர் வசதியுள்ள ஊர்களுக்கு லாரி கிடையாது என்றார்கள். கம்பெனியில் வேலை செய்ய ஆளில்லாத வீடுகளை அவர்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

தீபலட்சுமிக்குப் பக்கத்து வீடு கங்கம்மாள். ஆடு மேய்க்கிறவள், புருஷன் இல்லை, பிள்ளை பெங்களூரில். தீபலட்சுமி வேலைக்குப் போன நாளெல்லாம் சௌமியாவுக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொண்டவள். லாரி நின்ற பிறகு அவள் சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் எப்படி இல்லையென்று சொல்வது? இரண்டு பாட்டிலில் ஒன்று அங்கே போனது. மீதி ஒன்றில் மூன்று பேர். ஒருநாள் கங்கம்மாள் சும்மா பேச்சுவாக்கில் சொன்னாளாம், "சௌமியாவும் கம்பெனிக்குப் போனா இன்னும் ரெண்டு பாட்டில் வருமே." தீபலட்சுமி போட்ட சத்தம் என் வீடு வரைக்கும் கேட்டது. கங்கம்மாள் அதற்கப்புறம் சொம்பைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. கிணற்றுத் தண்ணீரையே காய்ச்சிக் குடித்தாள். வயிற்றாலே போய், ஆட்டுக்கொட்டகையில் சுருண்டு கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள் சௌமியா. கங்கம்மாள் பிழைத்துக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை வழக்கம்போல வண்டியை நிறுத்தினேன். தீபலட்சுமி ஏறி உட்கார்ந்தாள், ஹுமேரா ஏறினாள். பின்னாலேயே சௌமியா ஓடிவந்து படியில் கால் வைத்தாள். தோளில் பை. சனிக்கிழமையே வீட்டில் சொல்லாமல் கம்பெனிக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"நீ இன்னாடி இங்க?" என்றாள் தீபலட்சுமி.

"அட்மிஷன் வர்ற வரைக்கும்தாம்மா. அப்பறம் நின்னுடுவேன்."

கண்ணாடியில் தீபலட்சுமியின் முகத்தைப் பார்த்தேன். கத்தப் போகிறாள், இறங்கி இழுத்துக்கொண்டு போகப் போகிறாள் என்று இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.   அவள் பக்கத்து சீட்டில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சௌமியா அங்கே உட்கார்ந்தாள்.

எனக்கும் டிரைவர் என்ற முறையில் இரண்டு பாட்டில் உண்டு, சீட்டுக்கு அடியில் கிடக்கும். ஜன்னல் வழியாகக் காறித் துப்பிவிட்டு வண்டியை எடுத்தேன். முதல் பள்ளத்தில் இறங்கியதும் எல்லா பாட்டில்களும் சேர்ந்து உருண்டன.