பிடி நழுவிய மாலை

கணவர் மறைக்கச் சொன்ன ஒன்றை மனைவி எதுவரை மறைக்கலாம்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

என் கணவர் குஸ்திக்காரர். அவருடையது கிரீகோ ரோமன் என்ற வகை. இடுப்புக்குக் கீழே தொடக் கூடாது. கையும் கழுத்தும் முதுகும்தான் எல்லாம். எங்கள் பேட்டையான கல்மண்டபத்தில் தெருக்காரர்கள் இதைக் குஸ்தி என்றே ஒப்புக்கொள்வதில்லை. "காலப் புடிக்காம இன்னா குஸ்தி நைனா, கட்டிப்புடிச்சு அழுவுறதா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

மாநிலப் பட்டம் வென்ற கடைசிப் போட்டியில், எதிராளி மேலே கிடந்து அழுத்த, தோள் தரையில் படாமல் தலையை ஊன்றி, உடம்பை வில்லாக வளைத்துத் தாங்கினார். ஜெயித்தார். ஆனால் கழுத்து பழையபடி ஆகவில்லை. அதன்பின் ஒரு குஸ்திச் சங்கம் அவரைப் பயிற்சியாளராகச் சேர்த்துக்கொண்டது. எங்கள் மூன்று பேர் சாப்பாடும் அந்தச் சம்பளத்தில்தான்.

சேரும்போது ஒரு படிவம் தந்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் என்பதால் வீட்டில் எழுத்து வேலை என்னுடையது. 'பழைய காயம் ஏதேனும் உண்டா?' என்ற இடத்தில் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். இல்லை என்று எழுதச் சொன்னார். எழுதினேன். வெறும் கழுத்து வலிதானே என்று நினைத்தேன். உண்மையில் அப்படி நினைத்தேனா, அல்லது அப்போது நான் கர்ப்பமாக இருந்த பயத்தில் எழுதினேனா, சொல்லத் தெரியவில்லை.

இந்த வருஷம் ஒரு காலை, ஆற்றாமல் காப்பியைக் கொடுத்துவிட்டேன். டம்ளரைப் பிடித்தபடி பேசிக்கொண்டே இருந்தார். விரல் நுனிகள் சிவந்து போயிருந்தன. அவருக்குச் சுடவே இல்லை. கழுத்து வலி இறங்கி வலது கை சில நேரம் மரத்துப்போகிறது என்று அன்றுதான் சொன்னார்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மாலை, குழந்தைக்கு அம்மை குத்திக்கொண்டு திரும்பும் வழியில் பயிற்சிக் கொட்டகையில் எட்டிப் பார்த்தேன். ஒரு மீனவ இளைஞனைப் பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துக் கட்டித் தூக்கி, பின்பக்கமாக வளைந்துகொண்டிருந்தார். பாதியில் வலது கை திறந்துகொண்டது. அவன் தலைகுப்புற வந்து, கடைசி நொடியில் திரும்பியதால் தோளில் விழுந்தான்.

அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "பாத்துக்கினீங்களா? புடி வுட்டா இதான் ஆவும். அதுக்குத்தான் வுட்டுக் காட்டினேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். விழுந்தவனும் தோளைத் தேய்த்துக்கொண்டே, வாத்தியார் வேண்டுமென்றேதான் விட்டார் என்று பெருமையாகச் சொன்னான். அவர் மட்டும் என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் கேட்டேன், தூக்கிக் காட்டாமல் வாயால் சொல்லிக்கொடுக்கக் கூடாதா என்று. "தூக்காத வாத்தியார எவன் வெச்சிக்குவான்? நீ வாயத் தொறந்தா வேல பூடும்மே, அவ்ளோதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை; கெஞ்சுவதுபோல இருந்தது. அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

நேற்று குழாயடியில் அந்த இளைஞனின் அம்மா தனக்கு முன்னால் நான் குடம் பிடிக்க இடம் விட்டார். "எம் புள்ள ஒத்தப் புள்ளம்மா. உங்க வூட்டுக்காரரு கீறாரு, எனக்கு இன்னா பயம்?" என்றார். நான் சிரித்துவைத்தேன். குடம் நிரம்பி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதே தூக்கைக் காட்டப்போகிறார். சங்கத்தில் சொன்னால் அவர் பிழைப்பைக் கெடுத்தவள் ஆவேன். படிவத்தில் பொய் எழுதியதும் நான்தான் என்று தெரிந்துவிடும். சொல்லாமல் இருந்து, ஒரு பிள்ளையின் கழுத்து ஒடிந்தால்? இதைப் படிக்கும் சகோதரிகளே, உங்களில் யாராவது இப்படி ஒரு நிலையில் இருந்திருந்தால், முதலில் யாரிடம் போய்ச் சொன்னீர்கள், எப்படிப் பேச்சைத் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். திங்கட்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது.